கம்பியில்லா யுகம் – 14: அலமூட்டியின் இரண்டு வரிகள்

பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992-ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து விண்ணப்பித்த காப்புரிமையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் பல ஆன்டெனாக்களை வைத்தால், அலைவரிசையைக் கூட்டாமலேயே பல மடங்கு தகவல் அனுப்பலாம் என்பது அதன் சாரம். அந்த லாபம் எவ்வளவு என்பதை பெல் ஆய்வுக்கூடத்தில் 1995-ல் எம்ரே டெலட்டாரும், 1996-ல் ஜெரார்ட் ஃபோஷினியும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கோட்பாடு தயாராகிவிட்டது. ஆனால் அன்றைய செல்போனில் இருந்தது ஒரே ஒரு ஆன்டெனா. இரண்டாவதை வைக்க இடமில்லை. அதற்கான ரேடியோ சுற்றுக்குக் கொடுக்க பேட்டரியில் தெம்பும் இல்லை.

ஆகவே 1990-களின் நடுவில் பொறியாளர்களுக்கு வேறு கவலை இருந்தது. ஆன்டெனாக்களையெல்லாம் டவரிலேயே வைத்துவிட்டு, போனில் ஒன்றை மட்டும் விட்டால் என்ன பயன் கிடைக்கும்? அந்தப் பயனைப் பெற போன் எவ்வளவு கணக்குப் போட வேண்டியிருக்கும்? இந்தத் துறையின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். பல ஆன்டெனாத் தொழில்நுட்பம் நம் சட்டைப்பைக்கு வந்து சேர்ந்தது இரண்டாவது கேள்விக்குக் கிடைத்த விடையால்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்வியின் கதை.

முதலில் சிக்கல் என்ன என்று பார்த்துவிடுவோம். டவரிலிருந்து கிளம்பும் அலை நேராக வந்து சேர்வதில்லை. கட்டடத்தில் பட்டு, லாரியில் பட்டு, குன்றில் பட்டுப் பல வழிகளில் வருகிறது. வந்து சேரும் இடத்தில் அலைகளின் ஏற்றங்கள் ஒன்றுகூடினால் சிக்னல் வலுக்கும். ஒன்றின் ஏற்றமும் மற்றொன்றின் இறக்கமும் சந்தித்தால் இரண்டும் அழிந்துபோகும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். அதில் பாதி தூரம், ஏறக்குறைய ஒரு சாண், போனை நகர்த்தினாலே நல்ல சிக்னல் மங்கிப்போகலாம். மங்கியது மீண்டும் வரலாம்.

இந்த மங்கலுக்குக் கொடுக்கும் விலை சாதாரணமானதல்ல. மிக எளிய பண்பேற்ற முறையை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பிட்டுக்கு ஒரு பிழை போதும் என்று வைத்தால், மங்கலே இல்லாத இடத்தில் சிக்னல் இரைச்சலைப் போல் ஏறக்குறைய 5 மடங்கு இருந்தால் போதும். அலைகள் தாறுமாறாகச் சிதறும் நகரத்தில் அதே தரத்துக்குச் சராசரியாக 250 மடங்கு வேண்டும். ஒரே செய்தி ஒன்றையொன்று சாராத இரண்டு வழிகளில் வந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் மங்கும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். டவருக்கு இது பழைய பாடம். இரண்டு ஆன்டெனாக்களைத் தள்ளித் தள்ளி வைத்து, போனிலிருந்து வருவதை இரண்டிலும் கேட்டுச் சேர்த்துக்கொள்வது அதன் வழக்கம். போன் கேட்கும் திசையில்தான் வழியில்லாமல் இருந்தது.

இரண்டு ஆன்டெனாக்களிலிருந்தும் ஒரே செய்தியை ஒரே நேரத்தில் அனுப்பினால் என்ன? காற்றில் இரண்டும் கலந்து ஒரே வழியில் வந்ததுபோலவே ஆகிவிடும். மங்கலும் பழையபடியே இருக்கும். சுவிட்சர்லாந்தில் ஆர்மின் விட்னெபென் 1991-லும் 1993-லும் ஒரு தீர்வு சொன்னார். 1993-ல் ஏ.டி.&டி. பெல் ஆய்வுக்கூடத்தில் நம்பி சேஷாத்ரியும் ஜாக் விண்டர்ஸும் அதே திசையில் வந்தார்கள். இரண்டாவது ஆன்டெனா அதே செய்தியை ஒரு துளி நேரம் தாமதித்து அனுப்பட்டும் என்பதே அந்த யோசனை. போனுக்கு அது எதிரொலியோடு வரும் சிக்னல் போலத் தெரியும். எதிரொலியைப் பிரித்தெடுக்கத் தெரிந்த போன் இரண்டு வழிகளின் பயனையும் பெற்றுவிடும். யோசனை அருமையானது. ஆனால் எதிரொலியைப் பிரிக்கும் வேலை முழுவதும் போனின் தலையில் விழுந்தது.

நம்பி சேஷாத்ரி திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில், இன்றைய என்.ஐ.டி.யில், படித்தவர். அவரும் ஈரானில் பிறந்த வாஹித் தாரோக்கும் ராபர்ட் கால்டர்பேங்கும் சேர்ந்து 1998 மார்ச்சில் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடித்தளம். 'வெளி-நேரக் குறியீடு' என்ற துறைக்கே அது பெயர் வைத்தது. செய்தியை நேரத்தில் மட்டும் பரப்பாமல் ஆன்டெனாக்களுக்கு இடையிலும் பரப்ப வேண்டும். அப்படிப் பரப்பிய இரண்டு செய்திகளின் வேறுபாட்டை ஓர் அணியாக எழுதினால் அந்த அணியின் தரம் குறையக் கூடாது. அதன் அணிக்கோவை பெரிதாக இருக்க வேண்டும். எந்தக் குறியீட்டையும் எடைபோட இந்த இரண்டு அளவுகோல்களும் இன்றும் பயன்படுகின்றன. 1999-ல் ஐ.இ.இ.இ. தகவல் கோட்பாட்டுச் சங்கத்தின் சிறந்த கட்டுரைப் பரிசும் அதற்குக் கிடைத்தது.

அதே கட்டுரையில் ஒரு கசப்பான கணக்கும் இருந்தது. அவர்கள் அமைத்த குறியீடுகளை அவிழ்க்க வேண்டுமானால், போன் ஒவ்வொரு துளியிலும் பல 'நிலை'களைப் பின்தொடர்ந்தபடியே இருக்க வேண்டும். துளி ஒன்றுக்கு 4 பிட் அனுப்பி, 4 ஆன்டெனாக்களின் முழுப் பயனையும் பெற நினைத்தால், நிலைகளின் எண்ணிக்கை 2-இன் 12-ஆம் அடுக்கு, அதாவது 4,096-க்குக் குறைய முடியாது. வேகத்தைக் கூட்டினாலும் ஆன்டெனாவைக் கூட்டினாலும் இது அடுக்கடுக்காக ஏறும். அந்தக் காலத்துப் போன் சிப்புக்கு இது ஆகாத காரியம்.

ஏழே மாதத்தில், 1998 அக்டோபரில், எட்டுப் பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர் சியாவஷ் அலமூட்டி. அவரும் ஈரானில் பிறந்தவர்; கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர்; வாஷிங்டன் மாநிலத்தின் ரெட்மண்டில், ஏ.டி.&டி. வயர்லெஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கட்டுரையில் தேற்றம் என்று எதுவும் இல்லை. உயர்நிலைப் பள்ளியில் கலப்பெண் படித்தவர் உட்கார்ந்து சரிபார்க்கக்கூடிய கணக்குதான் அது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இந்தத் துறையில் இவ்வளவு அழகான வேறொன்றை நான் பார்த்ததில்லை.

அனுப்ப வேண்டிய குறிகள் இரண்டு. அவற்றை க, ச என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஒரு கலப்பெண். முதல் துளியில் முதல் ஆன்டெனா க-வை அனுப்பும். அதே நேரத்தில் இரண்டாவது ஆன்டெனா ச-வை அனுப்பும். இரண்டாம் துளியில் இடம் மாறும். முதல் ஆன்டெனா ச-வின் இணைக் கலப்பெண்ணைக் கழித்தல் குறி போட்டு அனுப்பும். இரண்டாவது ஆன்டெனா க-வின் இணைக் கலப்பெண்ணை அப்படியே அனுப்பும். வரிக்கு இரண்டு எண்ணாக இரண்டு வரிகள். குறியீடு அவ்வளவுதான்.

போன் பக்கம் என்ன நடக்கிறது? டவர் இடையிடையே அனுப்பும் பைலட் குறிகளைக் கொண்டு, இரண்டு வழிகளும் அலையை எப்படி மாற்றுகின்றன என்பதைப் போன் முன்பே அளந்துவைத்திருக்கிறது. வழிக்கு ஒரு கலப்பெண். முதல் துளியில் வந்ததை முதல் வழியின் இணையெண்ணால் பெருக்க வேண்டும். இரண்டாம் துளியில் வந்ததன் இணையெண்ணை இரண்டாம் வழியின் எண்ணால் பெருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் ச அடியோடு மறைந்துவிடும். ஒரு பெருக்கலில் ச கூட்டல் குறியோடும், மற்றதில் கழித்தல் குறியோடும் அதே அளவில் நிற்பதே காரணம். மிஞ்சுவது க மட்டும். அதுவும் இரண்டு வழிகளின் வலிமையும் கூடிய அளவால் பெருக்கப்பட்டு. ச-வைப் பெறவும் இதே மாதிரி இரண்டு பெருக்கலும் ஒரு கழித்தலும் போதும். ஒரு வழி முற்றிலும் மங்கினாலும் மற்ற வழி இருக்கும்வரை க-வும் பிழைக்கும், ச-வும் பிழைக்கும்.

டவர் தன் சக்தியை இரண்டு ஆன்டெனாக்களுக்கும் பாதிபாதியாகப் பிரித்துக் கொடுப்பதால், போனிலேயே இரண்டு ஆன்டெனா இருந்திருந்தால் கிடைத்திருக்கும் பலனைவிட இதில் 3 டெசிபல் குறையும். அதைக் கழித்த பிறகும், முன்பு சொன்ன 250 மடங்கு ஏறக்குறைய 27 மடங்காக இறங்குகிறது. அலைவரிசை கூடவில்லை. போன் டவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. வழிகள் இரண்டு துளி நேரம் மாறாமல் இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

கணக்கின் சுமை எங்கே குறைந்தது என்பதைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். சூட்கேஸ் எண் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரம், சக்கரத்துக்குப் பதினாறு எண். எல்லாச் சக்கரமும் சரியாக நின்றால்தான் திறக்கும் என்றால் 16-ஐ நான்கு முறை பெருக்கி, 65,536 சேர்க்கைகளை முயன்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு சக்கரமும் தன் சரியான எண்ணில் தனியாகக் 'க்ளிக்' என்று காட்டிக்கொடுத்தால் 64 முயற்சி போதும். அலமூட்டியின் அமைப்பில் ஒவ்வொரு குறியும் தனித்தனியாக அகப்பட்டுவிடுகிறது.

அடுத்த கேள்வி தானாக வந்தது. இரண்டு ஆன்டெனாவுக்கு முடிந்தது நான்குக்கு முடியுமா? தாரோக், ஹமீத் ஜாஃபர்கானி, கால்டர்பேங்க் மூவரும் 1999 ஜூலையில் பதில் சொன்னார்கள். அந்தப் பதில் நூறு ஆண்டுகளுக்கு முந்தைய தூயகணிதத்தில் கிடந்தது.

இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையை அதேபோன்ற இன்னொரு கூட்டுத்தொகையால் பெருக்கினால், விடையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகவே வரும். இதன் பொது வடிவத்தை 7-ஆம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் தந்தார். நான்கு வர்க்கங்களுக்கு 1748-ல் ஆய்லர் கண்டார். 1843-ல் டப்ளின் கால்வாய்க் கரையில் ஹாமில்டன் கண்ட, குவாட்டர்னியன்கள் என்னும் நான்கு கூறு எண்கள் அதன் உட்பொருளைக் காட்டின. எட்டு வர்க்கங்களுக்கும் ஒரு சமன்பாடு உண்டு. பதினாறுக்குக் கிடையாது. 1, 2, 4, 8 தவிர வேறெதற்கும் இது நடக்காது என்று 1898-ல் அடால்ஃப் ஹுர்விட்ஸ் நிறுவினார். இதன் விரிவை 1922-ல் யோஹான் ராடான் முடித்தார். ஹுர்விட்ஸின் சொந்த விரிவு அவர் இறந்தபின் 1923-ல் வெளியானது. அலமூட்டியின் இரண்டு வரிகளை அணியாக எழுதிப் பார்த்தால் அது ஹாமில்டனின் குவாட்டர்னியனே. அவர் அதைத் தேடிப் போகவில்லை. பெருக்கலையும் கூட்டலையும் மிச்சம் பிடிக்கப் போன இடத்தில் அது அகப்பட்டது.

இந்த எல்லையை ஆன்டெனாக்களுக்குப் பொருத்திப் பார்த்த 1999 கட்டுரையின் முடிவு கறாரானது. கலப்பெண் குறிகளை, துளிக்கு ஒன்று என்ற வேகம் குறையாமல், அலமூட்டியின் அணியைப் போல நிரல்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும் முழுச் செங்குத்து அமைப்பில் அனுப்புவது இரண்டு ஆன்டெனாவுக்கு மட்டுமே முடியும். எத்தனை ஆன்டெனா என்றாலும் பாதி வேகத்தில் அனுப்பலாம். மூன்றுக்கும் நான்குக்கும் முக்கால் வேகம் கிடைக்கும். 2003-ல் ஷூ-பின் லியாங் உச்ச வரம்பையே கண்டுபிடித்தார். ஏழு ஆன்டெனாவுக்கு எட்டில் ஐந்து பங்கு வேகம்தான். அதற்கும் 35 குறிகளை 56 துளிகளில் பரப்ப வேண்டும். ஓடும் ரயிலில் இருக்கும் போனுக்கு 56 துளி மாறாத வழி எங்கே கிடைக்கும்?

ஹுர்விட்ஸும் ராடானும் போட்ட எல்லையை யாரும் உடைக்க முடியாது. எதை விட்டுக்கொடுத்து எதை வாங்குவது என்ற பேரம்தான் மிச்சம். ஜாஃபர்கானி 2001-ல் செங்குத்தைக் கொஞ்சம் தளர்த்தினார். நான்கு ஆன்டெனாக்களில் முழு வேகம் கிடைத்தது. ஆனால் குறிகள் இரண்டிரண்டாகப் பிணைந்துகொண்டன. ஒரு குறி எடுக்கக்கூடிய மதிப்புகளின் தொகுப்பு, அதாவது குறித்தொகுப்பு, பதினாறு புள்ளி கொண்டதென்றால், நான்கு குறிகளுக்குப் பூட்டுக் கணக்கின் 65,536-க்குப் பதில் இரண்டு ஜோடிக்கு 512 சோதனை. அதே காலத்தில் பின்லாந்தில் ஓலாவ் டிர்க்கோனனும் கூட்டாளிகளும் இதே மாதிரி அமைப்பை எட்டினார்கள். முதலில் இதில் நான்கு ஆன்டெனாக்களின் முழுப் பயன் வரவில்லை. பாதிக் குறிகளை ஒரு கோணம் திருப்பி அனுப்பினால் அதுவும் வரும் என்று அடுத்த சில ஆண்டுகளில் தெரிந்தது.

இந்த இடத்தில் கதை பெங்களூருக்கு வருகிறது. இந்திய அறிவியல் கழகத்தில் பி. சுந்தர் ராஜன் இருந்தார். தமிழ்நாட்டில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துவிட்டு, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். அவரும் முகமது ஜாஃபர் அலி கானும் கேள்வியையே மாற்றிக் கேட்டார்கள். குறிகள் தனித்தனியாக அகப்பட வேண்டும் என்பதுதானே நம் தேவை? அதற்கு அமைப்பு செங்குத்தாக இருந்தே ஆக வேண்டுமா? வேண்டியதில்லை என்று காட்டி, குறிகளைத் தனித்தனியாக அவிழ்க்கக்கூடிய அமைப்புகள் எல்லாவற்றையும் வகைப்படுத்தினார்கள். இந்த வேலை மாநாட்டுக் கட்டுரைகளாக வந்து, 2006 மே மாதம் ஐ.இ.இ.இ. தகவல் கோட்பாட்டு இதழில் முழுமையாக வெளியானது.

அவர்களுடைய நான்கு ஆன்டெனாக் குறியீடு அலமூட்டியின் அமைப்பை இரண்டு முறை பயன்படுத்துகிறது. முதல் இரண்டு துளியில் ஒரு ஜோடி ஆன்டெனா பேசும். அடுத்த இரண்டு துளியில் மற்ற ஜோடி. இது மட்டுமென்றால் ஒரு குறிக்கு இரண்டு வழியின் பயன்தான் கிடைக்கும். அதனால் அவர்கள் ஒவ்வொரு குறியையும் இரண்டாகப் பிரித்தார்கள். அதன் மெய்ப்பகுதி ஒரு ஜோடி வழியாகவும், கற்பனைப்பகுதி மற்ற ஜோடி வழியாகவும் போகும். முன்னேற்பாடாகக் குறித்தொகுப்பு முழுவதையும் 31.7175 பாகை திருப்பி வைப்பார்கள். அப்படித் திருப்பினால் எந்த இரண்டு புள்ளிகளும் ஒரே மெய்ப்பகுதியையோ ஒரே கற்பனைப்பகுதியையோ பகிர்ந்துகொள்ளாது. ஒரு ஜோடி வழி முழுக்க மங்கினாலும், மற்ற ஜோடியில் வந்த பாதியை வைத்தே எந்தக் குறி என்று சொல்லிவிடலாம். நான்கு ஆன்டெனாக்களின் முழுப் பயன், குறையாத வேகம், 64 சோதனை. மூன்றும் ஒரே குறியீட்டில் சேர்ந்தன.

ஹுர்விட்ஸ்-ராடான் எல்லை இங்கே பொய்த்துப்போகவில்லை. எந்த எண்ணை அனுப்பினாலும் செங்குத்தாக நிற்கும் அமைப்புக்கு அந்த எல்லை பொருந்தும். பெங்களூர்க் குழு தேர்ந்தெடுத்த, திருப்பி வைத்த புள்ளிகளுக்கு மட்டும் முழுப் பயன் தருகிற அமைப்பைக் கேட்டது. கேட்பதைச் சுருக்கியதால் கிடைப்பது பெருகியது. இதற்கும் ஒரு விலை உண்டு. எந்த நேரமும் பாதி ஆன்டெனாக்கள் சும்மா இருப்பதால், பேசும் ஆன்டெனாவின் பெருக்கி இரட்டிப்புச் சக்தியைத் தாங்க வேண்டும். 2009-ல் சஞ்சய் கர்மாக்கரும் சுந்தர் ராஜனும் கிளிஃபோர்டு இயற்கணிதத்தைக் கொண்டு இந்தக் குடும்பத்தை விரித்தார்கள். எட்டு ஆன்டெனாக்களில், எட்டே துளிகளில் அடங்கும் செங்குத்து அமைப்பு பாதி வேகம்தான் தரும். அதே எட்டுத் துளிகளில் தனிக்குறி அவிழ்ப்பு மாறாமல் முக்கால் வேகத்தை அவர்கள் எட்டினார்கள்.

போனிலும் இரண்டு ஆன்டெனா வந்த பிறகு அலமூட்டியின் முறை அனுப்பக்கூடிய தகவலில் ஒரு பகுதியை வீணாக்குகிறது என்பதும் தெரிந்தது. அந்த வீணைத் தவிர்க்கத் தேடிய கிளையில் 2003-ல் சேதுராமன், சுந்தர் ராஜன், சசிதர் மூவரின் வகுத்தல் இயற்கணிதக் குறியீடுகளும், 2005-ல் பெல்ஃபியோர், ரெகாயா, விட்டர்போ மூவரின் பொன் குறியீடும் பிறந்தன. இரண்டு துளியில் நான்கு குறிகளை அனுப்பும் அந்த வகையில், விரைவில் அவிழ்க்கக்கூடிய குறியீடுகளை எஸியோ பிக்லியேரி, யி ஹோங், விட்டர்போ ஆகியோரும், பெங்களூரில் பவன் ஸ்ரீநாத்தும் சுந்தர் ராஜனும் 2009-ல் தந்தார்கள். கணித அழகில் பொன் குறியீட்டுக்கு ஈடில்லை. ஆனால் கடைவீதியில் விற்ற கோடிக்கணக்கான போன்களுக்குள் நுழைந்தது அலமூட்டியின் முறைதான்.

அது மூன்றாம் தலைமுறையின் முதல் தரநிலையிலேயே இடம்பிடித்தது. பிறகு வைமேக்ஸில், 2009-ன் 802.11என் வைஃபையில், டிவிபி-டி2 தொலைக்காட்சி ஒளிபரப்பில் வந்தது. 2008-ல் வடிவம் பெற்ற 4ஜி எல்.டி.இ.யில் இரண்டு துளிகளுக்குப் பதில் அடுத்தடுத்த இரண்டு துணை அலைவரிசைகளில் அதே இரண்டு வரிகள் ஓடுகின்றன. நான்கு ஆன்டெனா உள்ள எல்.டி.இ. டவர், ஜோடி ஜோடியாக அலமூட்டியை மாற்றி மாற்றி அனுப்புகிறது. பெங்களூர் முறையின் எலும்புக்கூடு அதில் தெரிகிறது. மெய்ப்பகுதியையும் கற்பனைப்பகுதியையும் பிரித்து மாற்றும் அந்த அருமையான படி மட்டும் இல்லை. அது இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. 4ஜி போன் ஒன்றை ஆன் செய்ததும் அது முதலில் படிக்கும் ஒலிபரப்புச் செய்தி, டவரில் ஒன்றுக்கு மேல் ஆன்டெனா இருந்தால், இந்த வடிவில்தான் வருகிறது. 2022-ல் அலமூட்டிக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் அதே பரிசைப் பெற்றவர் பால்ராஜ்.

2018-ல் வந்த 5ஜி-யின் முதல் தரநிலையில் அலமூட்டியின் முறை இல்லை. வழியின் தன்மை டவருக்குத் தெரியாது என்ற நிலையில் பிறந்த குறியீடு அது. டவருக்கே வழி தெரிந்துவிட்டால், போன் இருக்கும் திசை பார்த்து அலையைக் குவித்துவிடலாம். 2010-ல் பெல் ஆய்வுக்கூடத்தின் தாமஸ் மார்செட்டா, டவரில் ஆன்டெனாக்களை எல்லையில்லாமல் பெருக்கினால் என்ன ஆகும் என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். போன் அனுப்பும் பைலட்டைக் கேட்டே டவர் வழியை அறிந்துகொள்ளும் அந்த முறையையும், பக்கத்து டவரின் போன்களும் அதே பைலட்டை அனுப்புவதால் வரும் குழப்பத்தையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.